சீக்குக்காரிக்கு ரொட்டி

"அரிசி ஒத்துக்கலன்னு சொல்லு, நம்பறேன். கோதுமை ஒத்துக்கலன்னா எவ நம்புவா? அது சீக்குக்காரனுக்குன்னே குடுக்கறதாச்சே."

இதைச் சொன்னவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவள், வந்த வாரமே சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடத்தின் பக்கம் போனதில்லை. அது அவள் குற்றமில்லை. தெரியாத ஒன்றைப் பற்றிக் கொஞ்சமும் தயங்காமல் தீர்ப்புச் சொல்வது குற்றம்தான். எங்கள் வீட்டில் அந்தக் குற்றத்துக்கு அனுபவம் என்று பெயர்.

எங்கள் வீடு கோவிலம்பாக்கத்தில் இருக்கிறது. அப்பாவின் காலம் வரை நெல் போட்ட குடும்பம். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வயல்களில் எண் எழுதிய கற்களை நட்டு மனை பிரித்தார்கள். பத்திரத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாக வாசித்துச் சொன்னது ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அன்றைக்குத் தரகரே என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெருமையை நான் இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை. விட்டுக்கொடுக்கும் உத்தேசமும் இல்லை.

பணம் வந்ததும் வீட்டில் முதலில் மாறியது ராத்திரிச் சாப்பாடு. மனை பார்க்க வந்த ஓர் அதிகாரியின் மனைவி, தங்கள் வீட்டில் இரவில் சோறு ஆக்குவதே இல்லை, சப்பாத்திதான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அத்தைக்கு அது வேதவாக்காகிவிட்டது. அடுத்த வாரமே சப்பாத்திக் கட்டை வந்தது. காலையில் ரொட்டியும் ஜாமும். நாலு மணிக்கு பிஸ்கட். விருந்தாளி வந்தால் சேமியாப் பாயசம். பல தலைமுறையாக நெல்லை விளைவித்துத் தின்றவர்கள், ஒரே வருடத்தில் சோற்றைக் கூலிக்காரர் சாப்பாடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வயல் போனதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. களை பிடுங்கி முதுகு வளைந்தது அம்மாவுக்கு, அது நின்றது நல்லதுதான். நான் சொல்வது அந்த அலட்டலைப் பற்றி.

என் உடம்பு கெட ஆரம்பித்ததும் அந்த வருடம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வயிறு பானை மாதிரி உப்பியது, கை கால்கள் குச்சியாகின. வாயெல்லாம் புண். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பாடவேளைக்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது, எங்கள் பள்ளியின் கழிப்பறை ஓடிப் போகும்படியான இடம் இல்லை. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. முழங்கையிலும் முழங்காலிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. சொறிந்தால் உடைந்து எரியும். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து பெஞ்சுக்காரி தன் ஜாமெட்ரி பாக்ஸை நகர்த்தி வைத்துக்கொண்டாள். அவள் பின்னால் நர்ஸ் ஆனதாகக் கேள்விப்பட்டேன். அவளிடம் வரும் நோயாளிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீக்காளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போக மாட்டார். ஒரு ரொட்டிப் பாக்கெட், கொஞ்சம் சாத்துக்குடி, வசதி இருந்தால் பாட்டிலில் அடைத்த மால்ட் மாவு. சோறு கனம், ரொட்டி லேசு என்பது எல்லோருடைய நம்பிக்கை. காய்ச்சல்காரருக்கு ரொட்டி, பிள்ளை பெற்றவளுக்கு ரொட்டி, சாகக் கிடக்கிறவருக்குப் பாலில் தோய்த்த ரொட்டி. நான் இளைக்க இளைக்க ரொட்டி வந்தது. ரொட்டி வர வர இளைத்தேன். சித்தப்பா, பெரியம்மா, மனை வாங்கியவர்கள், விற்றவர்கள் என்று வந்து பார்த்த அத்தனை பேரும் கூடத்தில் உட்கார்ந்து, நான் அந்த ரொட்டியைத் தின்று முடிக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள். அன்பு காட்டுகிறார்களாம்.

ரொட்டிக்கு நல்ல பெயர். கெட்ட பெயர் முழுவதும் என் படிப்புக்கு வந்தது. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் வயதுக்கு வந்த பிறகும் நான் வரவில்லை. பத்தாவது முடியும்வரை வரவில்லை. மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடிக்கக் காத்திருந்த அத்தைக்கு இது பெரிய அவமானம். புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் உடம்பில் சூடு ஏறி ரத்தம் சுண்டிவிடும் என்று அவள் குழாயடியில் விளக்கம் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுடைய பெண்கள் எட்டாவதோடு நின்றவர்கள், அந்த விளக்கம் அவர்களுக்கும் வசதியாக இருந்தது. பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரியில் சேர்ந்தபோது, இது பாடையில் ஏறித்தான் பட்டம் வாங்கும் என்று அத்தை சொன்னதாக அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு எனக்கு ஒரு டம்ளர் மால்ட் கலந்து கொடுத்தாள்.

அம்மா எதையும் மறுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். சாயங்காலம் அவர் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே அப்பா அவரைக் கெட்டிக்காரர் என்று முடிவு கட்டியிருந்தார். போகும்போதெல்லாம் பூச்சி மருந்து எழுதுவார். என் வயிற்றில் இருப்பதாக அவர் நம்பிய பூச்சிகளுக்கு எங்கள் பழைய வயல்களே போதாது. டானிக் எழுதுவார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சோத்தக் குறைம்மா. லைட்டா பிரெட், சப்பாத்தி, ரவைக் கஞ்சி அந்த மாதிரி எடுத்துக்கோ" என்பார். காசநோயாக இருக்குமோ என்று ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. கடைசியில், என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஒரு நோயாளியை அவளுக்கே தெரியாமல் இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிடுவதும் வைத்தியத்தில் ஒரு முறை போலிருக்கிறது.

கல்லூரிக்குப் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போவேன். குரோம்பேட்டை தாண்டி, காசநோய் ஆஸ்பத்திரி இருக்கும் சானடோரியம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது, லேடீஸ் பெட்டியில் என் வகுப்புப் பெண்கள் சிலர், "ஏய், உன் ஸ்டாப் வந்துடுச்சு, இறங்கலயா?" என்பார்கள். தினமும் அதே நகைச்சுவை. மூன்று வருடத்தில் அதை ஒரு சொல்கூட மாற்றத் துப்பில்லாதவர்கள். அவர்களில் பாதிப் பேர் இரண்டாம் வருடக் கணக்கியலில் என் விடைத்தாளைத்தான் எட்டிப் பார்த்தார்கள். நான் மறைக்கவில்லை. பார்த்தும் தப்பாக எழுதினார்கள்.

பட்டம் வாங்கினேன், பாடையில் ஏறாமல். அதற்குப் பிறகு ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கான தேர்வு எழுதித் தேறினேன். பட்டியலில் என் எண்ணைப் பார்த்த அன்று அப்பா டீக்கடையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மீதி இருந்தது உடல் தகுதிப் பரிசோதனை ஒன்றுதான்.

அந்தப் பரிசோதனையில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடை மெஷினில் ஏறினேன், முள் நகர்ந்ததாகவே தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பரிசோதித்த டாக்டர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையேம்மா. ஆறு மாசம் டைம் தரேன். உடம்பைத் தேத்திட்டு வா. அப்பவும் இப்படியே இருந்தா வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றார்.

அந்த ஆறு மாதம்தான் நான் சொல்ல வந்த கதை.

வீட்டில் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் ஆகவில்லை என்றால் வேலை என்ற பேச்சே இருக்கக்கூடாது, கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது, மாப்பிள்ளைக்கு அரிசி மண்டி, முடித்துவிடலாம். அத்தைக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். "நான் சொல்லல? இந்த ஒடம்ப வெச்சிகினு ஆபீஸ் போறாளாம் ஆபீஸ்" என்று அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு வழி காட்டியது அந்தக் கொப்புளங்கள்தான். கல்யாணப் பேச்சு என்றதும் வீட்டில் முழங்கையைப் பற்றிய கவலை வந்தது. வயிறு யாருக்கும் தெரியாது, தோல் தெரியுமே. ஆகவே பத்து வருடம் பூச்சி மருந்தோடு விட்டவர்கள், ஒரே வாரத்தில் என்னை நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் கொப்புளத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பற்றிக் கேட்டார். இரண்டையும் சேர்த்துக் கேட்ட முதல் டாக்டர் அவர். தோலில் ஒரு துளி வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், அப்புறம் மாடியில் குடல் டாக்டரிடம் போகச் சொன்னார். அங்கே தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் குடலிலிருந்தும் ஒரு துணுக்கு எடுத்தார்கள்.

குடல் டாக்டர் இளைஞர். முடிவு வந்த அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்க முடியாது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். இது வடக்கே பார்க்கிற வியாதி, இங்கே தான் பார்க்கும் முதல் கேஸ் என்றார். வேடந்தாங்கலுக்கு வழி தவறி வந்த பறவையைப் பார்ப்பது போல மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் அவரை நான் முழுதாக வெறுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். குடலின் உள்பக்கம் குளிக்கிற டவல் மாதிரி இழை இழையாக இருக்க வேண்டுமாம், சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அந்த இழைகள்தானாம். "உங்களுது சிமெண்ட் தரை மாதிரி இருக்கு" என்றார். கோதுமையில் இருக்கும் ஒரு புரதத்தைக் கண்டால் என் உடம்பு பகைவன் வந்துவிட்டான் என்று தன் குடலையே தாக்குகிறதாம். அதற்குப் பெயர் சீலியாக். அதே கோபம்தான் தோலில் கொப்புளமாகவும் வருகிறதாம். இப்படிப்பட்ட உடம்பு ஒரு இடத்தோடு நிற்காது என்று இன்னொரு ரத்தச் சோதனை செய்தார். தைராய்டும் அடி வாங்கியிருந்தது. அதற்குத் தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுளுக்கும். ரத்தத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை.

"கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட். எதுவும் கூடாது. துளி கூடக் கூடாது" என்றார்.

"அப்ப என்ன சாப்பிடறது டாக்டர்?"

"சோறுதான். மூணு வேளையும் சோறு சாப்பிடுங்க."

நான் அங்கேயே சிரித்துவிட்டேன். அப்பா ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். நான் சொல்லவில்லை, சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து அத்தையிடமும் அம்மாவிடமும் எளிமையாக எடுத்துச் சொன்னேன். என் உடம்பு என்னையே எதிரியாக நினைக்கிறது என்று சொன்னபோது அத்தை, "சொந்த ஒடம்புக்கே ஒன்னப் புடிக்கல பாரு" என்றாள். நல்ல பதில்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான், கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றால் எவள் நம்புவாள் என்ற அந்தத் தீர்ப்பு வந்தது. அவளுடைய வாதம் எளிமையானது. உலகம் முழுக்க நோயாளிகளுக்குக் கோதுமை கொடுக்கிறார்கள், ஆகவே கோதுமை நோய் தராது. குழாய் விட்டுப் பார்த்தவனுக்கு என்ன தெரியும், அவன் சின்னப் பையன்.

நான் மூன்று வேளையும் சோறு சாப்பிட ஆரம்பித்தேன். இரண்டே வாரத்தில் வயிறு அடங்கியது. வாய்ப்புண் ஆறியது. பிறந்ததிலிருந்து என்னோடு இருந்ததாக நான் நினைத்திருந்த அசதி கொஞ்சம் விலகி நின்றது. மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினேன். ஏறி மாடியில் நின்றபோது, மற்றவர்கள் எல்லாம் தினமும் இப்படித்தான் இருக்கிறார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தெம்பை வைத்துக்கொண்டு அவர்கள் சாதித்தது என்ன?

அந்தச் சமயத்தில் அத்தை ஒரு நாள் தானாகவே வந்து, காலையில் வெறும் வயிற்றில் டியூஷன் எடுக்க ஓடுகிறாயே, உனக்கென்று தனியாகச் சத்துமாவு அரைத்து வைக்கிறேன் என்றாள். கேழ்வரகு, கம்பு, புழுங்கலரிசி, பொட்டுக்கடலை, ஏலக்காய். கோதுமை கிடையாது என்று அவளே சொன்னாள். வறுத்து, மாவு மிஷினுக்கு எடுத்துப் போய்த் தானே நின்று அரைத்து வந்தாள். தினமும் காலையில் பனைவெல்லம் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். நான் அதை அவள் இறங்கி வந்ததற்கு அடையாளம் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் கஞ்சி காய்ச்சுவார்கள் என்று எனக்கு நானே அர்த்தம் சொல்லிக்கொண்டு, டம்ளரைக் காலி செய்துவிட்டு, நல்லாயிருக்கு அத்தே என்றும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் வயிறு மறுபடியும் உப்பியது.

நான் ஒவ்வொன்றாகச் சந்தேகித்தேன். கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பார்கள் என்று கடைக்காரரே சொன்னார், ரசத்தில் அதை நிறுத்தச் சொன்னேன். சப்பாத்தி உருட்டும் மேடையில் என் தட்டை வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்த முறுக்கைத் தொடவில்லை. இருந்தும் கொப்புளம் திரும்பி வந்தது. ஏறிய எடையில் பாதி போனது. மறு பரிசோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் போனேன். அவர் முழங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க கோதுமை சாப்பிடறீங்க."

"இல்ல டாக்டர்."

"சாப்பிடாம இது வராது. உண்மையச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

கடைக்குப் போய்த் திருட்டுத்தனமாக பன் தின்கிற குழந்தையிடம் பேசுவது போல அவர் பேசினார். அந்த ஆஸ்பத்திரியின் படிகளில் இறங்கும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. உடம்பு வலித்து நான் அழுததில்லை. என் சொல்லை ஒருவர் நம்பாதபோதுதான் அழுதிருக்கிறேன். அதுவும் கோபத்தில். அன்று ரயிலில் வரும்போது, ஒருவேளை சோறும் எனக்கு ஆகாதோ, என் உடம்பு அதையும் எதிரியாக்கிவிட்டதோ என்று பயந்தேன். அரிசி மண்டிக்காரரின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். அந்த அளவுக்கு இறங்கிவிட்டிருந்தேன்.

அடுத்த நாள் டியூஷனுக்கு விடுமுறை. நான் கூடத்தில் படுத்திருந்தேன், தூங்குகிறேன் என்று அத்தை நினைத்திருக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மாள் என்னை விசாரிக்க வந்திருந்தாள், கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு. பெண்ணுக்குக் கோதுமை ஆகாதாமே என்று அவள் சமையலறையில் கேட்டது எனக்குக் கேட்டது. அதற்கு அத்தையின் பதிலும் கேட்டது.

"அட நீ ஒண்ணு. மூணு மாசமா நான் கோதும போட்டுத்தான் கஞ்சி காய்ச்சி ஊத்திகினு கீறேன். அவளுக்குத் தெரியாது. இன்னா ஆச்சி? செத்தா பூட்டா?"

எதிர்வீட்டு அம்மாள் சிரித்தாள்.

"எல்லாம் மனசுல கீது. தெரிஞ்சாதான் ஒத்துக்காது, தெரியலன்னா ஒத்துக்கும். டாக்டரு காசு புடுங்கறான்" என்றாள் அத்தை.

நான் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றேன். கத்தவில்லை. முழங்கையைக் காட்டினேன். கொப்புளங்கள் உடைந்து ஜாக்கெட் ஓரத்தில் ஒட்டியிருந்தன. அத்தை அதைப் பார்த்துவிட்டு, அது எப்பவும் இருக்கிறதுதானே என்றாள். இதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மூன்று மாதமாக நான் கழிப்பறைக்கு ஓடியதை அவள் பார்த்தாள். எடை குறைந்ததைப் பார்த்தாள். டாக்டர் என்னை நம்பாமல் அனுப்பி, அழுத முகத்தோடு வந்ததைப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை ஒன்றும் ஆகவில்லை. நான் நோயாளியாக இருப்பதுதான் என் இயல்பான நிலை, அதில் மாற்றம் இல்லை. அவள் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரே அத்தாட்சி என் பிணம்.

அம்மா அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

"பலம் வரணும்னுதாம்மா. கொஞ்சூண்டுதான். அண்ணி சொன்னாங்க" என்றாள்.

அத்தையின் மேல் எனக்கு வந்தது ஏளனம். அதோடு வாழ்ந்துவிடலாம், நான் வாழ்ந்துகொண்டிருந்தேன். அம்மாவின் மேல் வந்ததற்கு எனக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அவள் எனக்காகப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கு அதைவிட அதிகமாகப் பயந்தாள்.

பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் போல இருந்தது. அன்று சாயங்காலமே பல்லாவரம் போய் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் புதுப் பாத்திரங்களும் வாங்கி வந்தேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். பின்கட்டில், ஒரு காலத்தில் மாடு கட்டி இப்போது சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த கொட்டகையில் ஒரு மூலையைச் சுத்தம் செய்து சமைக்க ஆரம்பித்தேன். சோறு, பருப்பு, கீரை, மீன் குழம்பு. என் கையால் கழுவியது, என் கையால் ஆக்கியது, மூடி வைத்துப் பூட்டியது. வீட்டில் புயல் அடித்தது. "எங்க கை பட்டா தீட்டா? நாங்க இன்னா வேத்து சாதியா?" என்று அத்தை தெருவுக்குக் கேட்கும்படி கேட்டாள். வேறு சாதிக்காரருக்குத் தனி டம்ளர் வைத்திருந்த அதே அத்தை. தனக்கு அது நடந்ததும் அவளுக்கு நியாயம் புரிந்துவிட்டது. நல்லதுதான், யாருக்காவது பயன்படட்டும்.

உறவினர்கள் சமாதானம் பேச வந்தார்கள், வழக்கம் போல ரொட்டியோடு. வயதில் பெரியவள் ஆசையாகச் செய்ததை இப்படிப் பெரிதுபடுத்தலாமா என்றார்கள். ஆசையாகத்தான் செய்தாள் என்று நானும் நம்புகிறேன். என் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் ஆசையாகச் செய்தாள். அதை என்ன செய்வது? நான் ரொட்டிகளை எல்லாம் தெருநாய்களுக்குப் போட்டேன். அவை என்னைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லாமல் தின்றன.

உடம்பு தேறியது. ஆரவாரமில்லாமல், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. கொப்புளங்கள் காய்ந்து வெள்ளைத் தழும்புகளாயின. டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சாரி என்றார். அந்த ஒரு சொல்லை எனக்குச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். ஆறு மாதம் முடிந்து எடை மெஷினில் ஏறினேன். முள் நகர்ந்தது. ரத்தம் போதுமானது என்றார்கள். தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை வாசலில் கற்பூரம் ஏற்றித் திருஷ்டி சுற்றினாள். "நான் ஊத்தன கஞ்சி வீணாப் போவுமா? ஒடம்புல ஊறிகினு இருந்து இப்பத்தான் வேலை செய்யிது" என்று எதிர்வீட்டைப் பார்த்துச் சொன்னாள். தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். இன்றைக்கும் கோவிலம்பாக்கத்தில் என் வேலை அத்தையின் கோதுமைக் கஞ்சியால் கிடைத்த வேலை. நான் அதை மறுக்கப் போவதில்லை. மறுக்க வேண்டுமானால் முதலில் அவர்களை மதிக்க வேண்டும்.

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். அத்தை தூண் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா கதவுக்குப் பின்னால்.

"வேலைக்குப் போ. வேணாங்கல" என்றார் அப்பா. "ஆனா அந்தத் தனி அடுப்பு போதும். ஊரு சிரிக்குது. ஒடம்புதான் சரியாப் போச்சே. இனிமே அத்த கையால எல்லாரோடவும் ஒக்காந்து சாப்புடு."

அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். அந்தச் சட்டியில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"அடுப்பு இங்க இல்ல நைனா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது, எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கொட்டகையில் சிமெண்ட் மூட்டைகள்தான் இருந்திருக்கும். மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், ஓய்வு பெற்ற கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் வீட்டு மாடியில் ஓர் அறையும் சின்னச் சமையல் மறைவும் எனக்காகப் பேசி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகாத பெண் தனியாக ஏன் வருகிறாய் என்று அவர் கேட்டார். சமைத்துச் சாப்பிட என்றேன். இன்னும் என்னென்னவோ கேட்க நினைத்த முகம்தான், ஆனால் கேட்கவில்லை.

நான் பேசி வைத்திருந்த மீன்பாடி மூன்று சக்கர வண்டிக்காரர், வீட்டில் யாரும் எழுவதற்கு முன்பே ஸ்டவ்வையும் பாத்திரங்களையும் புத்தகங்களையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிட்டார். இப்போது தெருமுனையில் இரண்டாவது நடைக்கு நின்றுகொண்டிருந்தார். மீதி இருந்தவை என் துணிப்பெட்டியும் நானும்தான்.